கழுத்தில் தொங்கிய திறப்பு

அன்று சனிக்கிழமை. கல்முனையில் எங்கள் வாப்பாவின் புத்தகக் கடையில் புதுக் கொப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒன்பது மணியாகியும் பக்கத்துக் கடையின் இரும்புக் கதவு திறக்கப்படவில்லை. முன்கண்ணாடி வெடித்த கார் ஒன்று ஏழு மணியிலிருந்து அதன் முன்னால் நின்றது. காரின் சொந்தக்காரர் எங்களிடம் வந்து, “கண்ணாடிக்காரர் இண்டைக்கு வரமாட்டாரா?” என்று கேட்டார். அதற்காகத்தான் வாப்பா அவருக்குத் தொலைபேசி எடுத்தார். பதில் சொன்னது கண்ணாடிக்காரரின் மகள்.

வாப்பா தொலைபேசியைக் கொப்பிகளின் மேல் வைத்தார்.

“யோகண்ணன் போயிட்டாராம் மகள். விடிய சுபஹு நேரம் நெஞ்சு நோவுதெண்டாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகக்குள்ளயே முடிஞ்சிதாம்.”

காரின் சொந்தக்காரர் வெடித்த கண்ணாடியுடனேயே காரை எடுத்து, மிக மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார்.

இறுதிக் கிரியை மூன்று மணிக்குப் பாண்டிருப்பில் என்று அறிந்தோம். உம்மா எல்லோருக்கும் செய்தி சொன்னார். கடைத்தெருவில் பலரும் போகத் தயாரானார்கள். உம்மாவின் மூத்த சகோதரர் ஜெமீல் மாமா மட்டும், “நான் வரல்ல. அவர் எங்களுக்குச் செஞ்சது காணும்,” என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்.

மாமாவின் கோபத்துக்கு மூன்று வயது. அதற்கு அடியில் ஒரு பிழை இருந்தது. அந்தப் பிழை யாருடையது என்பது யோகராசா அங்கிளுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தபோது கையில் இருந்த கொப்பிகள் கனத்தன.

யோகராசா அங்கிளைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் வாகனங்களுக்குக் கண்ணாடி போடுபவர். மெலிந்த உடம்பு, நரைத்த மீசை, சேட்டுப் பையில் எப்போதும் ஒரு மஞ்சள் துணி. அவருடைய கடைக்கும் எங்கள் கடைக்கும் நடுவில் ஒரே சுவர். பாடசாலை விட்டதும் நான் வாப்பாவின் கடையில் இருந்து வாசிப்பேன். அவர் வேலை இல்லாத நேரத்தில் எங்கள் வாசலில் வந்து நின்று, “என்ன மகள், கடையில உள்ளதெல்லாத்தையும் நீயே வாசிச்சு முடிச்சா வாப்பா எதை விக்கிறது?” என்று கேட்பார்.

அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. பசைக் குழாய்களின் பெட்டிக்குள் மடித்து வரும் ஆங்கிலத் தாளை என்னிடம் தந்து வாசிக்கச் சொல்வார். நான் தரம் ஏழில் படித்தபோது இந்தப் பழக்கம் தொடங்கியது. எனக்கு அது பெரிய பெருமை. தெரியாத சொல் வந்தால் அகராதியைப் புரட்டுவேன். அவர் அவசரப்படுத்தாமல் காத்திருப்பார்.

அவருக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. வேலைக்கு வரும் வாகனத்தின் திறப்பை, அதாவது சாவியை, தன் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிடுவார். பசை காயும்வரை கழற்றமாட்டார். ஒருமுறை ஒரு ஹைபிரிட் கார் வந்ததாம். அது இயங்கிக்கொண்டிருந்தாலும் சத்தம் வராது. உள்ளே கடதாசி எடுக்க ஏறிய சொந்தக்காரரின் கால் எதிலோ பட, கார் ஓசையே இல்லாமல் முன்னால் நகர்ந்து, குனிந்து நின்ற அங்கிளைச் சுவரோடு வைத்து நெருக்கிவிட்டது. “மாடு முட்ட வந்தாலும் மூச்சுச் சத்தம் கேக்கும் மகள். இது அதுவும் இல்ல,” என்று சிரித்தபடி சொல்வார். அன்றிலிருந்துதான் அந்தக் கயிறு.

மூன்று வருடங்களுக்கு முன் பெற்றோலுக்காக நாடே வரிசையில் நின்றது. ஜெமீல் மாமாவிடம் ஒரு பழைய ஹைபிரிட் ஜீப் இருந்தது. அந்த வகை ஜீப்பைச் செய்த கம்பனி அதை நிறுத்திப் பல வருடங்களாகிவிட்டன. மாமா இரண்டு நாளாக வரிசையில் நின்றார். இரண்டாம் நாள் அவருடைய ஜீப் ஒரு தென்னை மரத்தின் கீழே வந்து நின்றது. மேலே முற்றிய குலை. பின்னால் நின்றவர் மாமாவை அண்ணன் முறை வைத்து அழைத்துச் சொன்னாராம், “காக்கா, தேங்கா விழப் போகுது, கொஞ்சம் அங்கால எடுங்க.” மாமா மேலே பார்த்தார். எடுத்தால் இடம் போய்விடும். “விழுந்தா விழட்டும்,” என்றார். விழுந்தது. முன்கண்ணாடி சிலந்தி வலை போல வெடித்தது. மாமா அப்போதும் இடத்தை விடவில்லை. அந்த வலை வழியாகப் பார்த்துக்கொண்டே முன்னேறிப் பெற்றோல் அடித்துவிட்டுத்தான் வந்தார். உம்மா இதைச் சொல்லிச் சிரிக்காத நாளில்லை.

ஆனால் கண்ணாடி தேடத் தொடங்கியபோது சிரிப்பு அடங்கிவிட்டது. கொழும்பிலிருந்து முதலில் வந்த கண்ணாடி அதே ஜீப்பின் பெற்றோலில் மட்டும் ஓடும் வகைக்கு உரியது. பின்புறம் பார்க்கும் நடுக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கமெரா பொருந்த வேண்டிய இடம் அதில் இல்லை. அங்கிள் அதைத் திருப்பி அனுப்பினார். “ஒட்டலாம் தம்பி. ஆனா அது உங்கட ஜீப்புக்கு உள்ளதில்ல,” என்றார். மாமாவுக்கு அதுவே எரிச்சல். மூன்று வாரத்தின் பின், விபத்தில் பின்பக்கம் நசுங்கிய இன்னொரு ஜீப்பிலிருந்து வெட்டி எடுத்த கண்ணாடி ஒன்று மெத்தைகளுக்கு நடுவில் லொறியில் வந்தது. விசாரித்த இடமெல்லாம் வேறு இல்லை என்றார்கள். அதுவும் உடைந்தால் ஜீப் ஓடாது.

அந்தக் காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அங்கிள் உள்ளேயும் வாப்பா வெளியேயும் நின்று, மெல்லிய கம்பியை மாறி மாறி இழுத்துப் பழைய பசையை அறுத்தார்கள். விளிம்பைச் சுரண்டித் துடைத்துக் கறுப்புப் பூச்சுப் பூசிய பின், அங்கிள் பசைக் குழாயைப் பிடித்து, எங்கும் அறாத ஒரே கோடாகச் சுற்றிவர இட்டார். ரப்பர்க் கைப்பிடிகளைக் கண்ணாடியில் ஒட்டி இருவரும் தூக்கினார்கள். “தம்பி, மூச்சு விடாதீங்க,” என்றார் அங்கிள். வாப்பா உண்மையாகவே மூச்சை அடக்கினார். கண்ணாடி ஒரேமுறையில் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. சரியாகப் பதினொரு மணி.

அங்கிள் நான்கு கதவுக் கண்ணாடிகளையும் ஒரு சாண் கீழே இறக்கினார். கதவை அடித்துச் சாத்தினால் உள்ளே அடைபடும் காற்று, காயாத கண்ணாடியை வெளியே தள்ளிவிடும் என்பார். பிறகு தாளை என்னிடம் நீட்டினார். வேகமாகக் காயும் பசை அந்த வருடம் நாட்டுக்குள் வரவில்லை. இது புதிய வகை. நான் அட்டவணையைப் பார்த்தேன். வெப்பம், ஈரப்பதம், நேரம். விரலை வைத்துத் தேடி, “ஒரு மணித்தியாலம் அங்கிள்!” என்றேன்.

“கெதியாக் காயுதே,” என்றார். கண்ணாடியில் ஒட்டியிருந்த நாடாவில் எழுதச் சொன்னார். நான் பெரிதாக ‘12.00’ என்று எழுதினேன். அவர் திறப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எங்கள் கடைக்குள் வந்து அமர்ந்தார்.

பதினொன்று இருபதுக்கு, எங்கள் கடையில் காத்திருந்த மாமாவின் தொலைபேசி அடித்தது. மாமாவின் மனைவி பரீதா மாமியின் வாப்பா பொத்துவிலில் மௌத்தாகிவிட்டார். ஜனாஸா பின்னேரம் அஸர் தொழுகையோடு நல்லடக்கம். எங்கள் வழக்கத்தில் மையித்தை வைத்துக்கொண்டு யாருக்காகவும் காத்திருப்பதில்லை. மாமி அவருக்கு ஒரே மகள். ஒன்றரை மணிக்காவது புறப்பட்டால்தான் முகம் பார்க்கலாம்.

மாமாவும் வாப்பாவும் தெரிந்த வாடகை வான்காரர் எல்லோருக்கும் தொலைபேசி எடுத்தார்கள். எல்லா வானும் வரிசையில் நின்றன, அல்லது வெறும் பெற்றோல் தாங்கியோடு வீட்டில் நின்றன. பஸ் ஓடவில்லை. ஊரிலேயே பெற்றோல் உள்ள வாகனமாக எங்களுக்குத் தெரிந்தது மாமாவின் ஜீப் ஒன்றுதான். உம்மா மாமியைக் கைபிடித்து அழைத்து வந்தார். மாமி அழவில்லை. நாடாவில் இருந்த எண்ணைப் பார்த்தார். “பன்னண்டுக்கு எடுக்கலாந்தானே? அல்ஹம்துலில்லாஹ்,” என்றார்.

எனக்குச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. கையில் தாள் இருந்தது. அதை மீண்டும் வாசித்தேன். அட்டவணையில் நான் விரல் வைத்த வரிக்கு ஒரு சிறிய நட்சத்திரக் குறி இருந்தது. தாளின் அடியில் எறும்பளவு எழுத்தில் அதன் விளக்கம். அந்த வரி, முன் ஆசனங்களுக்கு, மோதும்போது விரியும் காற்றுப்பை இல்லாத வாகனங்களுக்கு. இரண்டு காற்றுப்பை உள்ளவற்றுக்கு அடுத்த வரி. அடுத்த வரியில் நான்கு மணித்தியாலம் என்று இருந்தது.

மாமாவின் ஜீப்பில் இரண்டு காற்றுப்பைகள் இருந்தன.

கடைக் கடிகாரத்தில் பதினொன்று ஐம்பது. நான் சொன்னால் மாமி தன் வாப்பாவின் முகத்தைப் பார்க்கமாட்டார். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்தத் தாளை வாசிக்க அங்கே வேறு யாரும் முன்வரப் போவதில்லை. மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தால் போதும். வைத்தும் விட்டேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் வைத்தேன்.

மாமி ஜீப்பின் முன் கதவருகே போய் நின்றார். அவர் அமரப்போகும் ஆசனத்தை நான் பார்த்தேன். பிறகு என்னால் முடியவில்லை. அங்கிளின் அருகில் போய்க் காதுக்குள் சொன்னேன்.

அவர் முகம் மாறவில்லை. “திரும்ப வாசி,” என்றார் மெல்ல. வாசித்தேன். “இன்னொருக்கா.” வாசித்தேன். அவர் எழுந்து போய், நாடாவில் இருந்த நேரத்தை மையால் அடித்து, மேலே ‘3.00’ என்று எழுதினார். பிறகு மாமாவைப் பார்த்து, “ஜெமீல் தம்பி, நான் பிழையா எழுதிப்போட்டன். மூணு மணிக்கு முதல் இதை எடுக்க ஏலாது,” என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அவர் என் பக்கம் திரும்பாமலே, “மகள், உள்ளுக்குப் போய்த் தண்ணி கொண்டு வா,” என்றார்.

தண்ணீர்க் கோப்பையோடு நான் திரும்பியபோது மாமாவின் குரல் தெருவுக்கே கேட்டது.

“நீதானே ஒரு மணித்தியாலம் எண்டு எழுதின! கண்ணாடி விழுந்தா விழட்டும். திறப்பத் தா!”

“விழுந்தா மாத்தலாம் தம்பி. ஆனா எங்கயும் மோதிச்செண்டா அந்தக் காத்துப்பை கண்ணாடியில தட்டித்தான் நிக்கும். கண்ணாடி கழண்டா பை வெளிய போயிரும். முன்னுக்கு இருக்கப்போறது உங்கட பெண்சாதி.”

“எங்கட மௌத்தப் பத்தி உனக்கு என்ன தெரியும்? உங்கட ஆக்கள் ரெண்டு மூணு நாள் வெச்சிருப்பீங்க. எங்களுக்கு நேரம் இரிக்கா?”

தெருவில் கூட்டம் சேர்ந்துவிட்டது. யாரோ ஒருவர், “திறப்பப் பறிங்க காக்கா,” என்றார். மாமாவின் கை அங்கிளின் கழுத்துக் கயிற்றைப் பிடித்தது. வாப்பா நடுவில் புகுந்தார். அங்கிள் கயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றார். “அடிச்சாலும் தரமாட்டன்,” என்றார். அவருக்கு அந்தக் கூட்டத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. பயந்துகொண்டே அவர் மறுத்தார்.

மாமிதான் பேசினார். “அவர விடுங்க. சண்ட புடிச்சா எனக்கு வாப்பாவக் காணக் கிடைக்குமா? அண்ணன், வேற வழி ஒண்டு செல்லுங்க.”

அங்கிள் மாமியைப் பார்த்தார். பிறகு ஜீப்பைப் பார்த்தார்.

“ஓடக் கூடாதது ஜீப்புத்தானே. பெற்றோல் ஓடலாந்தானே,” என்றார்.

கண்ணாடி ஏற்றும் அவருடைய பழைய வான் பெற்றோல் இல்லாமல் கடையின் பின்னால் நின்றது. அங்கிள் ஒரு மெல்லிய குழாயை ஜீப்பின் தாங்கிக்குள் விட்டு வாயால் உறிஞ்சினார். முதல் தடவை வரவில்லை. இரண்டாம் தடவை வாய் நிறைய வந்தது. துப்பினார், இருமினார், கண் சிவந்தது. குழாயைக் கலனுக்குள் பிடித்தபடியே, “இந்தப் பெற்றோலுக்குத் தேங்கா மணம் அடிக்குது தம்பி,” என்றார். கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை.

அந்த வானில் பின்னால் ஆசனம் இல்லை. கண்ணாடிகளுக்கு இடையில் வைக்கும் பழைய மெத்தையில் மாமா, உம்மா, நான். முன்னால் மாமி. அங்கிள் ஓட்டினார். ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கப் புறப்பட்டோம். திருக்கோவிலைத் தாண்டினோம். கோமாரிக்கு அருகில் மாடுகள் தெருவை மறித்துப் படுத்திருந்தன. அங்கிள் இறங்கிப் போய்க் கைதட்டி விரட்டினார். வான் இரண்டு தடவை நின்று நின்று கிளம்பியது. ஒவ்வொரு தடவையும் மாமியின் உதடுகள் வேகமாக ஓதின.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மையித்தைக் குளிப்பாட்டி வெள்ளைத் துணியால் கஃபனிட்டு, முகத்தை மட்டும் மூடாமல் வைத்திருந்தார்கள். பள்ளிக்கு எடுக்க இன்னும் கால்மணித்தியாலம்தான் என்றார்கள். பெண்கள் விலகி வழி விட்டார்கள். மாமி முகத்தைப் பார்த்தார். அதன் பிறகுதான் அழுதார்.

வெளியே வந்து பார்த்தேன். அங்கிள் வீதியோரக் குழாயில் வாயைக் கொப்புளித்துக்கொண்டிருந்தார். ஜனாஸாவைத் தூக்கிச் சென்றபோது கூட்டத்தின் கடைசியில், மஞ்சள் துணியைக் கையில் சுருட்டிக்கொண்டு நடந்தார். அடக்கம் செய்யும் மையவாடி வாசல்வரை போய் வெளியே நின்றார். ஜீப்பின் திறப்பு இன்னும் அவர் கழுத்தில்தான் இருந்தது.

அடுத்த நாள் மாமா வந்து ஜீப்பை எடுத்துப் போனார். நன்றி சொல்லவில்லை. போகுமிடமெல்லாம், “நேரத்தச் சரியா எழுதத் தெரியாத கண்ணாடிக்காரன். மௌத்து வீட்டுக்கு எங்கள மெத்தையில ஏத்திக்கொண்டு போனவன்,” என்று சொன்னார். சிலர் வேறு கடைக்குப் போகத் தொடங்கினார்கள். அங்கிள் யாரிடமும் மறுத்துச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லப் போன ஒவ்வொரு தடவையும் எனக்குப் பயம் வந்தது. ஒரு நாள் அவரிடமே, “நான் மாமாகிட்ட உண்மையச் செல்லவா அங்கிள்?” என்று கேட்டேன். “தாளை உன்னட்டத் தந்தது நான்தானே,” என்றார்.

இனி அவர் எனக்குத் தாள் தரமாட்டார் என்றே நினைத்திருந்தேன். அந்த வாரமே அவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் இன்னொரு பசைப் பெட்டியின் தாள். “இந்தா மகள், வாசி. கீழ கிடக்கிற சின்ன எழுத்தையும் சேர்த்து வாசி,” என்றார். அவர் இறப்பதற்கு முதல் நாள்வரை நான்தான் வாசித்துக் கொடுத்தேன்.

அன்று ஒரு மணித்தியாலத்தில் ஜீப்பை எடுத்திருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது என்று மாமா சொல்வார். அது உண்மையாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. அங்கிளுக்கும் தெரிந்திருக்காது. தெரியாதபோது அவர் திறப்பைக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அங்கிள் இறந்த அந்தச் சனிக்கிழமை பகல் நான் சைக்கிளில் மாமா வீட்டுக்குப் போனேன். மாமா முற்றத்தில் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். சலாம் சொல்லிவிட்டு, நிற்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். நட்சத்திரக் குறி, சிறிய எழுத்து, சட்டைப் பைக்குள் வைத்தது, அங்கிள் தன் மேல் போட்டுக்கொண்டது. மாமாவின் கையிலிருந்த குழாயிலிருந்து தண்ணீர் ஒரே இடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தது.

“வேற ஆருக்குத் தெரியும்?”

“அங்கிளுக்கு மட்டும்.”

“மூணு வருசமா அந்த மனிசன் வாயத் திறக்கல்லியே...”

நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். மாமி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “ஆர்ட பிழை எண்டாலும் என்ட வாப்பாட மொகத்தக் காட்டினவர் அவர்தான்,” என்றார். ஒவ்வொரு பெருநாளைக்கும் மாமாவுக்குத் தெரியாமல் மாமி என் கையில் அங்கிள் வீட்டுக்கு இனிப்பு வட்டிலாப்பம் கொடுத்தனுப்பியது அப்போது எனக்கு நினைவு வந்தது.

மாமா குழாயை மூடினார். உள்ளே போய் வெள்ளைச் சேட்டு மாற்றிக்கொண்டு வந்தார்.

பாண்டிருப்பில் தெருவெல்லாம் வெள்ளைக் கொடி. பறை கேட்டது. அங்கிளைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். என் கண் தன்னாலே அவர் கழுத்துக்குப் போனது. அங்கே பூமாலை மட்டும் இருந்தது. மாமா அவர் கால்மாட்டில் தலை குனிந்து நின்றார். பிறகு அவருடைய மகள் கவிதா அக்காவிடம் போய், “தங்கச்சி, உங்கட வாப்பா அண்டைக்குப் பிழை விடல்ல. நான்தான் ஊரெல்லாம் பிழையாக் கதைச்சன்,” என்றார். அக்கா தலையை ஆட்டினார்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி அக்கா கேட்டபோது, இதை எழுதலாமா என்று மாமாவிடம் கேட்டேன். “எழுது. என்ட பேரையும் போட்டு எழுது,” என்றார்.

அங்கிள், நீங்கள் பார்த்திருக்க வேண்டிய ஒன்றைச் சொல்லி விடைபெறுகிறேன். அன்று உங்கள் வீட்டு வேலியோரம் மாமா ஜீப்பை நிறுத்தினார். நாங்கள் இறங்கினோம். நீங்கள் ஒட்டிய கண்ணாடி மூன்று வருடத்துக்கு முன்பே காய்ந்துவிட்டது. ஆனாலும் மாமா இறங்குவதற்கு முன் நான்கு கதவுக் கண்ணாடிகளையும் ஒரு சாண் கீழே இறக்கினார். பிறகு உள்ளே யாரோ தூங்குவதுபோலக் கதவை இரண்டு கையாலும் பிடித்து, சத்தம் வராமல் சாத்தினார்.